அசையும் நிலமும் அசையாக் கல்லும்

(அல்சூரில் நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மேடையில் நின்று குறளை விளக்கியோர் பலர். கம்பனை ஆராய்ந்தோர் பலர். நானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, புகைவண்டித் துறையில் எழுத்தராகக் காலங் கழிப்பவன். பேரேட்டை அறிந்த அளவு பேரிலக்கியத்தை அறியேன். ஆகவே, "எதைப் பற்றிப் பேசப் போகிறீர்?" என்று செயலாளர் அவர்கள் வினவியபோது, "நிலத்தைப் பற்றி" என்று விடை கூறினேன். அவர் சற்றே திகைத்தார். வீட்டுமனை விற்பனை குறித்துப் பேசப் போகிறேன் என்று எண்ணினார் போலும்! பெங்களூரில் நிலம் என்றதும் வேறென்ன நினைவுக்கு வரும்? அன்பர்களே, நான் பேச வந்தது சதுர அடிக் கணக்கன்று. நாம் நின்றுகொண்டிருக்கும் இந்த நிலம் நகர்கின்றதா? நகர்கின்றதாயின் எவ்வளவு? அதனை எவ்வாறு அளந்தனர்? இவையே இன்றைய பொருள்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். அப்பொழுது நான் பணியிற் சேர்ந்து நெடுநாளாகவில்லை. அன்று மாலை பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தில் அமர்ந்திருந்தேன். வேளாங்கண்ணிக்கும் நாகப்பட்டினத்திற்கும் உற்றாரை வழியனுப்பியவர்கள் வரிசை வரிசையாக வந்து நின்றனர். அவர்களுள் ஒரு மூதாட்டி சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "இவ்வளவு பெரிய காரியம் நடக்கப் போகிறதென்று ஒருவருக்குமா தெரியாமற் போயிற்று, தம்பி?" என்று கேட்டார். பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார், அம்மையார் நகர்ந்துவிட்டார். நான் விடை கூறவில்லை. கூற எனக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்விக்கு விடை தேடி, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நூலகங்களில் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

நிலம் அசைகிறதா என்ற வினாவிற்கு என் துறையிலிருந்தே ஓர் உவமை கூறுவேன். ஓடும் வண்டியில் எதிரெதிரே இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் மற்றவரை நோக்கினால் அசைவு தோன்றாது. இருவருக்கும் இடையேயுள்ள தொலைவு மூன்று அடி என்றால் மூன்று அடியாகவே நிற்கும். சாளரத்தின் வழியே நடைமேடையை நோக்கினால்தான் வண்டி ஓடுவது விளங்கும். நம் இந்திய நிலப்பரப்பு அத்தகையதொரு வண்டி. மண்ணும் பாறையும் ஆறும் மலையும் அடங்கிய ஒரு பெரும் பாறைத்தட்டு வடகிழக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வேகம், பெங்களூரில் அளந்தறிந்தவாறு, ஆண்டுக்கு ஏறத்தாழ 5½ சென்டிமீட்டர். இவ்வவையில் அமர்ந்திருக்கும் அறுபதாண்டு நிறைந்த பெரியவர் ஒருவர், பிறந்த ஊரை விட்டு ஓரடியும் எடுத்து வைக்காதவராக இருப்பினும், மூன்று மீட்டருக்கு மேல் பயணம் செய்துள்ளார். அதுவும் சீட்டு வாங்காமலே!

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் நாம் இவ்வூருக்குக் குடிபெயர்ந்தோம் என்று பேசிக்கொள்கிறோம். விட்டுவந்த ஊரும் வந்துசேர்ந்த ஊரும் ஒரே பெட்டியில் இருப்பதால், வேலூருக்கும் அல்சூருக்கும் உள்ள தொலைவு மாறுவதில்லை. தொலைவு மாறுவதெல்லாம் வண்டி மற்றொன்றோடு மோதுமிடத்தில்தான்.

அவ்வாறு மோதும் இடங்கள் நமக்கு இரண்டு. ஒன்று வடக்கே இமயம். அங்கே இந்தியத் தட்டு ஆசியப் பெருநிலத்தின் அடியிற் புகுந்து நெருக்க, ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நெருக்கத்தை அம்மலைத்தொடரே தாங்குகின்றது. அதன் கதை நெடிது. அதை இன்று விடுத்துவிடுகிறேன். மற்றொன்று கிழக்கே அந்தமான் – நிக்கோபார். அவற்றைத் தீவுகள் என்றே பள்ளியிற் படித்தோம். உண்மையில் அவை பர்மாவின் அரக்கன் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கித் தெற்கே சுமத்திரா வரை நீள்வதன் சிகரங்கள். நீருக்கு மேல் தலைகாட்டும் முடிகள். வட அந்தமானில் சாடில் சிகரம் 732 மீட்டர் உயரம் உடையது. அருகே பேரன் தீவில் எரிமலையொன்று இன்றும் உயிரோடு இருக்கின்றது. இம்மலைத்தொடருக்கு மேற்கே, ஆழ்கடலின் அடியில், வங்கக் கடலின் தளமாகிய இந்தியத் தட்டு மெல்ல மெல்லக் கிழக்கே சரிந்து தீவுகளின் அடியில் நுழைகிறது.

நுழைவது வழுக்கிச் சென்றால் தொல்லை இல்லை. இரு பாறைகளும் உரசிக் கவ்விக்கொள்கின்றன. கீழ்த்தட்டு உள்ளே செல்லும்போது மேல்தட்டின் விளிம்பையும் பற்றி இழுக்கிறது. மூங்கிற் கழியின் நுனியைப் பிடித்து வளைப்பதைப் போன்றது இது. கழி வளையும், ஓரளவு பொறுக்கும், பிடி நழுவியதும் விருட்டென்று நிமிரும். கடலடியில் அப்படி நிமிரும்போது அதன் மேலிருக்கும் நீர் முழுவதும் தூக்கி எறியப்படுகின்றது. அதுவே ஆழிப்பேரலை. எனவே மூதாட்டியின் கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்கலாம்: கழி வளைந்துகொண்டிருந்ததை எவரேனும் கண்டனரா? வளைவு ஆண்டுக்குச் சென்டிமீட்டர்க் கணக்கு. அதனைக் கண்ணால் காண இயலாது. அளந்தே காணவேண்டும்.

அளவை என்றதும் நம் பெங்களூருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. பலரும் அறியாதது, ஆதலால் இங்கே சிறிது நின்று செல்ல விரும்புகிறேன். நிலத்தை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து அளக்கும் பெரும்பணியைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயத் தளகர்த்தர். முக்கோண முறையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் சங்கிலியால் அளந்தாற் போதும். மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். அந்த முதற்கோட்டை அவர் 1800ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே அளந்து பார்த்தார். பின்னர் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் பெரும்பணியை முறையாகத் தொடங்கினார். அங்கிருந்து முக்கோணங்களைக் கட்டிக்கொண்டே மேற்கே வந்து, 1804இல் பெங்களூரில் மீண்டும் ஒரு கோட்டை அளந்தபோது, கணக்கில் வந்த நீளத்திற்கும் சங்கிலியில் வந்த நீளத்திற்கும், ஏழு மைலுக்கு மேற்பட்ட கோட்டில், வேறுபாடு நான்கு அங்குலத்திற்கும் குறைவு! என் பேரேட்டில் மாதக் கணக்கு அவ்வளவு நெருங்கி வந்த நாட்கள் மிகச் சில. லாம்டனுடைய அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோவிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது மோதிச் சேதமுற்ற கதையும் உண்டு. அது 1808இல் நிகழ்ந்தது. மனிதர் மனம் தளராமல் தாமே அமர்ந்து அதன் வளையத்தைச் சீர்செய்தார் என்பர்.

அப்பணியின் தொடர்ச்சியாக 1868இல் பெங்களூர்க் கோடு மேலும் நுட்பமான உலோகச் சட்டங்களைக் கொண்டு மறுபடி அளக்கப்பட்டது. இவற்றின் நினைவாகக் கல்லும் மேடையும் சிறு கட்டடமும் நகரின் வடபுறத்தில் எஞ்சின. அவை நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து வந்தன. போகட்டும், அவற்றின் பயன் என்ன என்று கேட்பீர்கள். 1994இல் வினோத் கௌர், கொலராடோவைச் சேர்ந்த ரோஜர் பில்ஹாம் முதலிய அறிஞர்கள் அடங்கிய குழுவினர் தென்னாட்டின் அந்தப் பழைய முக்கோணக் கற்களைத் தேடிச் சென்று, செயற்கைக் கோள்களின் துணையால் அவற்றின் இடங்களை மீண்டும் அளந்தனர். ஏறத்தாழ 130 ஆண்டு இடைவெளி. கண்டதென்ன? தென்னிந்திய நிலம் நீளவுமில்லை, சுருங்கவுமில்லை. மாறுதல் இருந்தாலும் கிலோமீட்டருக்கு மில்லிமீட்டர் என்னும் கணக்கிற்குள் அடங்கிவிட்டது. வண்டி ஓடுகிறது; பெட்டி மட்டும் குலையவில்லை.

இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் அந்தமான் அசைவதை அளக்கவேண்டுமானால், அசையாத ஓரிடம் வேண்டும் அல்லவா? அந்த இடம் பெங்களூர் ஆயிற்று. இங்குள்ள இந்திய அறிவியற் கழகத்தின் வளாகத்தில் 1990களின் நடுவிலிருந்து ஒரு நிலையான கருவி இரவும் பகலும் செயற்கைக் கோள்களின் அலைக்குறிப்புகளை வாங்கிக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் இவ்வாறு உள்ள நிலையங்களின் வலைப்பின்னலில் அதுவும் ஒன்று. இமயத்திலும் அந்தமானிலும் அளந்த இந்திய அறிஞர்கள் பலரும் "பெங்களூரை நோக்க இத்தனை மில்லிமீட்டர்" என்றே தங்கள் கணக்கை எழுதினர்.

செயற்கைக் கோள் எங்ஙனம் நிலத்தை அளக்கும்? இளைஞர்கள் கைப்பேசியில் நாள்தோறும் காண்பதுதான். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் கோள் ஒவ்வொன்றும், "இப்பொழுது மணி இது, நான் இருக்குமிடம் இது" என்று ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கிறது. அச்செய்தி ஒளியின் வேகத்தில், நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் கடந்து, நம்மை வந்தடைகிறது. புறப்பட்ட நேரமும் வந்த நேரமும் தெரிந்தால் தொலைவு தெரிந்துவிடும். மூன்று கோள்களிலிருந்து தொலைவு தெரிந்தால் நாமிருக்கும் இடம் தெரியும். ஆனால் ஓர் இடர் உண்டு. கோளில் இருப்பது அணுக்கடிகாரம். நம் கையில் இருப்பதோ மலிவான கடிகாரம். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிழைத்தால் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிழைக்கும். நிலையத்துக் கடிகாரம் ஒரு நிமிடம் தவறினாலே மேலதிகாரியிடம் விளக்கம் எழுதும் எங்களுக்கு இது வியப்பளிக்கிறது. ஆகவே நான்காவதாக ஒரு கோளையும் சேர்த்து, நம் கடிகாரத்தின் பிழையையே கணக்கிட்டுக் கழித்துவிடுகின்றனர். நம் நாட்டின் இஸ்ரோ நிறுவனமும் 2013 ஜூலை 1 முதல் தனக்கென வழிகாட்டுக் கோள்களை ஏவத் தொடங்கியது.

கைப்பேசிக்குச் சில மீட்டர் பிழை இருந்தால் குற்றமில்லை, தெருவைக் கண்டுபிடித்துவிடலாம். மில்லிமீட்டரைத் தேடுவோர்க்கு அது போதாது. அவர்கள் செய்தியை மட்டுமன்றி, அச்செய்தியைச் சுமந்து வரும் அலையையே எண்ணுகின்றனர். அவ்வலையின் நீளம் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர். முழு அலைகள் எத்தனை, கடைசி அலையில் எந்தப் பகுதி வந்து சேர்ந்தது என்று கணக்கிட்டால், அளவு மில்லிமீட்டருக்கு இறங்குகிறது. வானின் மேலடுக்கில் மின்னேறிய காற்று அலையைத் தாமதப்படுத்தும். இரு வேறு அலைநீளங்களைப் பயன்படுத்தி அத்தாமதத்தை நீக்குவர். கீழே நீராவி தாமதப்படுத்தும். அதைக் கணித்து நீக்குவர். கருவியைக் கண்ட இடத்தில் நிறுத்திவிட முடியாது. உறுதியான பாறையில் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகு முளையை அறைந்து, அதன் தலைக்கு நேர்மேலே கருவியை அமைத்து, பல மணி நேரம், வேண்டுமாயின் பல நாள், காத்திருப்பர். பின் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவர். அடுத்த ஆண்டு வந்து அதே முளையின் மேல் மீண்டும் அமைப்பர். முளை இருந்தால்தான் அளவை. முளையைப் பிடுங்கிவிட்டால் சென்ற ஆண்டின் உழைப்பும் வீண். இச்சிறு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய ஒரு முளை போர்ட் பிளேரில் இருந்தது. 2004க்கு முன்னரே, 1990களின் பிற்பகுதியில், பெங்களூரிலிருந்து சென்ற அறிஞர்கள் அதனை அளந்தனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே 1,600 கிலோமீட்டருக்கு மேல் கடலும் நிலமும் கிடக்கின்றன. போர்ட் பிளேர் இந்திய நிலத்தை நோக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் நெருங்கி வருகிறது என்பது 2001இல் வெளியான ஆய்வில் அச்சேறியது. திருவனந்தபுரம், ஐதராபாத் அறிஞர்களும் தீவுகளில் அங்கங்கே முளை பதித்து அளந்து வந்தனர். ஆக, தட்டுகள் நெருங்குவதை அறிந்தோர் சிலர் இருந்தனர். இது கேள்வியின் முதற்பாதிக்கு விடை. ஆயினும் கழி எந்நாளில் நிமிரும் என்பதை அவர்கள் அறியார். இன்றும் உலகில் எவரும் அறியார். நாள் குறித்துச் சொல்வோர் எவரேனும் வந்தால், அவரைச் சோதிடர் வரிசையில் வைத்துவிடுங்கள்.

அன்று நிகழ்ந்தது இது. நம் கடிகாரத்தில் காலை 6 மணி 28 நிமிடம் 53 நொடி. சுமத்திராவின் வடமுனைக்கு அருகில் பாறைப்பிடி நழுவத் தொடங்கியது. நழுவல் வடக்கு நோக்கி, துணியைக் கிழிப்பது போல, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடி அந்தமானின் வடபகுதி வரை சென்றது. சென்னையிலிருந்து நாகபுரி தாண்டிச் செல்லும் இருப்புப்பாதை முழுவதும் ஒரே கிழிசலாகக் கிழிவதை மனத்தில் எண்ணிப் பாருங்கள். சில கிழமைகளுக்குள் அறிஞர்கள் தீவுகளுக்கு விரைந்து, மிஞ்சியிருந்த முளைகளின் மேல் கருவிகளை அமைத்தனர். போர்ட் பிளேர் மேற்கும் தென்மேற்குமாக ஏறத்தாழ மூன்று மீட்டர் நகர்ந்திருந்தது. கார் நிக்கோபார் ஏறத்தாழ ஆறு மீட்டர். தீவுகள் முழுவதும் கணக்கிட்டால் நகர்வு ஒன்றரை மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை.

கிடைநகர்வைக் காட்டிலும் ஏற்ற இறக்கமே மக்களின் வாழ்வைத் தாக்கியது. நம் இருப்புப்பாதை நிலையங்களின் பெயர்ப்பலகையில், ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திற்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் எண் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம் முதலிய ஒன்பது துறைமுகங்களில் நெடுநாள் அளந்த கடல் மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 1909இல் நிறுவிய கணக்கிலிருந்து வந்தது அது. வண்ணம் உதிர்ந்தால் மீண்டும் அதே எண்ணையே எழுதுவோம். எண் மாறும் என்று எவரும் எண்ணுவதில்லை. போர்ட் பிளேரில் அன்று எண் மாறிவிட்டது. ஊர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அருகிலுள்ள சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் புகுந்தது. அலை வடிந்த பின்னும் ஒவ்வோர் ஏற்றத்திற்கும் நீர் திரும்பத் திரும்ப வந்தது. வந்தது வெள்ளமன்று, வடிந்து போவதற்கு, தாழ்ந்தது நிலம். தென்கோடியில் இந்திரா முனையின் கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. வடகோடியிலோ இதற்கு நேர்மாறு: திக்லிப்பூர்ப் பக்கம் நிலம் அரை மீட்டருக்கு மேல் உயர்ந்தது. பவளப்பாறைகள் நீருக்கு மேல் எழுந்து வெயிலில் வெளுத்தன. ஒரே நிகழ்ச்சி ஓரிடத்தில் கரையை விழுங்கியது. மற்றோரிடத்தில் கரையைக் கக்கியது. எங்கே கழியின் நுனி, எங்கே அதன் நடுப்பகுதி என்பதை இந்த ஏற்ற இறக்கங்களே அறிஞர்க்குக் காட்டிக்கொடுத்தன. இந்த உயர அளவை கிடையளவை போல் அத்துணை நுட்பமாக வராது என்பதையும் சொல்லவேண்டும். கோள்கள் யாவும் நம் தலைக்கு மேலேதான் உள்ளன. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு பக்கத்துச் சாட்சிகளை மட்டும் வைத்து வழக்குத் தீர்ப்பதைப் போன்றது அது.

இனி, நம் ஊருக்கு வருவோம். அசையாத இடம் என்றேனே, அந்தப் பெங்களூர்? அன்று காலை நாம் பால் வாங்கிக்கொண்டிருந்தோம், சிலர் உறங்கிக்கொண்டிருந்தோம், அல்சூர் ஏரி தன்னிடத்தில் கிடந்தது. அறிவியற் கழகத்துக் கருவி மட்டும் குறித்துக்கொண்டது: பெங்களூர் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிக் கிழக்கே, அந்தமானை நோக்கி, இழுக்கப்பட்டிருந்தது. ஒன்றரை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அறுந்த பிடியின் அதிர்வில் இந்தப் பாறையும் நெகிழ்ந்தது! நாகையில் தம் மக்களைத் தேடிச் சென்றவர்கள் புறப்பட்ட ஊரும் அன்று இடம்பெயர்ந்தே இருந்தது என்பதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர், நழுவியது மூன்று மீட்டர், வகுத்தால் இருநூறு. ஆகவே இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை இது நிகழும் என்று நானும் முதலில் கணக்குப் போட்டேன். அக்கணக்குப் பிழை. மேலே தெரிந்த நகர்வு வேறு. அடியில் பாறை நழுவிய தொலைவு அதனினும் பெரிது. நெருக்கம் முழுவதும் ஒரே பிளவில் சேர்வதுமில்லை. 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபார் அருகிலும், 1941 ஜூன் 26இல் அந்தமானிலும் பெரிய நடுக்கங்கள் நிகழ்ந்தன. 1881இன் சிற்றலை சென்னைத் துறைமுகத்து நீர்மட்டக் கருவியிலும் பதிவாகியுள்ளது. அவை 2004ஐத் தடுக்கவில்லை. தாய்லாந்தின் கரைச் சதுப்பில் புதைந்த மணலடுக்குகளை ஆய்ந்தோர், 2004ஐப் போன்ற முந்தைய அலை 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்திருக்கலாம் என்கின்றனர். நம் மாமல்லபுரத்திலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் மண்ணைத் தோண்டி ஏறத்தாழ ஆயிரமாண்டுப் பழைய அலையின் தடத்தைக் கண்டோம் என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதென்று மணிமேகலை கூறுவது நாம் அறிந்ததே. உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் ஆர்வம் நம்மவர்க்கு இயல்பு. காலக்கணக்கு ஒத்துவரவில்லை, அன்பர்களே. காப்பியத்தைப் போற்றுவோம், மணலைக் கணக்கெடுப்போர் தம் பணியைச் செய்யட்டும்.

கேள்வியின் மறுபாதிக்கு வருகிறேன். நாளை முன்கூட்டி அறிய முடியாது, சரி. பிடி நழுவிய பின்? நடுக்கம் தொடங்கியது ஆறரை மணிக்கு. அலை தமிழகக் கரையைத் தொட்டது ஒன்பது மணியை ஒட்டி. இடையில் இரண்டரை மணி நேரம்! பெங்களூரிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டி காட்பாடியை எட்டிவிடும் நேரம். அந்நேரத்தில் எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாகை மாவட்டத்தினர். இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பே அப்போது இல்லை என்பது முதற்காரணம். பசிபிக் கடலுக்குரிய மையத்தாரும் முதலில் அந்நடுக்கத்தை 8.0 என்றே மதிப்பிட்டனர். ஒரு மணி கழித்து 8.5 என்றனர். உண்மையில் அது 9.1 அல்லது அதற்கும் மேல். எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் முப்பது மடங்கு பெருகும். மிகப் பெரிய நடுக்கத்தை அதிர்வுக் கருவிகள் முதற்கணத்தில் குறைத்தே காட்டும். கிழிசல் ஓடி முடிவதற்கே பத்து நிமிடம் ஆகுமல்லவா?

இங்கேதான் முளையின் மேல் நிற்கும் கருவிக்கு வேலை வருகிறது. அது அதிர்வைக் கேட்பதில்லை. நிலம் எவ்வளவு நகர்ந்தது என்பதையே நேராகச் சொல்கிறது. 2004இன் பதிவுகளை எடுத்து நெவாடாப் பல்கலைக் கழகத்தார் மீண்டும் கணக்கிட்டுப் பார்த்து, 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடுக்கம் தொடங்கிய கால்மணி நேரத்திற்குள்ளாகவே அதன் உண்மைப் பரிமாணத்தை அறிந்திருக்கலாம் என்று காட்டினர். கால்மணி நேரம்! ஆறே முக்கால் மணிக்கு ஒருவர் அறிந்திருக்க இயலும். கார் நிக்கோபாருக்கு அது பயன்பட்டிராது. அங்கே அலை மிக விரைவில் வந்துவிட்டது. நாகைக்குப் பயன்பட்டிருக்கும். சப்பானியரும் 2011 மார்ச் 11இல் இதே பாடத்தை அடைந்தனர். அவர்கள் நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோள்வழி நிலையங்கள் இருந்தும், முதல் அறிவிப்பு அதிர்வுக் கருவியை நம்பி 7.9 என்றே சென்றது, நடுக்கமோ 9.0. ஓஷிகா முனை ஐந்து மீட்டருக்கு மேல் கடலை நோக்கி நகர்ந்ததை நிலையங்கள் பதிந்திருந்தன. பதிந்ததை உடனே படித்து அறிவிக்கும் ஏற்பாடு அன்று முடிவுறவில்லை. கருவி இருப்பது ஒன்று. அதன் செய்தி உரிய மேசைக்கு உரிய நேரத்தில் வந்து சேர்வது வேறொன்று. இதனை எந்த அலுவலக எழுத்தரும் அறிவார்.

நம் நாட்டில் 2007 அக்டோபர் 15 முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. அந்தமான் – நிக்கோபாரில் கோள்வழி நிலையங்களை நிறுவி, நிலத்தின் நகர்வை உடனுக்குடன் ஐதராபாத்தில் பெறும் பணியையும் அந்நிறுவனம் மேற்கொண்டது. போர்ட் பிளேர் 2004க்குப் பின்னும் ஓய்ந்துவிடவில்லை. பல ஆண்டுகள் தென்மேற்கே ஊர்ந்துகொண்டும், தாழ்ந்த நிலத்தில் ஒரு பகுதி மெல்ல உயர்ந்துகொண்டும் இருந்ததைக் கருவிகள் காட்டின. கழி நிமிர்ந்த பின்னும் அதன் நடுக்கம் அடங்க நாளாகும் போலும்.

முளையை நினைவில் வைக்கச் சொன்னேன். தீவுகளில் 2004க்கு முன் பதித்த முளைகள் எண்ணிக்கையிற் குறைவு. அவற்றிலும் சில கடலோடு போயின. எஞ்சியவற்றைக் கொண்டே நான் இதுவரை கூறிய எண்கள் யாவும் கிடைத்தன. அம்முளைகளைப் பதித்தவர்க்கு அன்று எவரும் மாலை சூட்டியிருக்கமாட்டார்கள்; கல்லில் ஆணியடிக்க அரசுப் பணமா என்று கேட்டோரும் இருந்திருக்கலாம். சாலை அகலப்படுத்தும்போதும், அடுக்குமாடி எழும்போதும், முக்கோணக் குறியிட்ட கல்லோ, வட்டத் தகடு பதித்த மேடையோ இடையூறாகத் தென்பட்டால், அதைப் பெயர்த்து எறியுமுன் நில அளவைத் துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுமாறு கட்டடத் தொழிலில் உள்ள நம் சங்க உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் அவர்களுள் ஒருவர், தம் மனையின் மூலையில் அத்தகைய கல்லொன்று கிடப்பதாக என்னிடம் கூறினார். வரும் ஞாயிறு காலை அதனைச் சென்று பார்க்க எண்ணியுள்ளேன். உடன் வர விரும்புவோர் கூட்ட முடிவில் என்னிடம் சொல்லலாம்.